சிப்பிப்பாறையோடு சேலத்தில் நடை: சில வருஷ அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை, பெண் நாய், பெயர் மின்னி. தென் மாவட்டங்களில் முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். தினமும் நடந்து ஓடி உடம்பு அலுத்தால்தான் ஒழுங்காகச் சாப்பிடும், தூங்கும். ஆனால் கயிற்றை அவிழ்த்துவிட்டால் தூரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி அசைந்தாலே போதும், அப்புறம் நாம் கூப்பிடுவது காதில் ஏறாது. ஓடவும் வேண்டும், அவிழ்த்துவிடவும் முடியாது. இந்தச் சிக்கலோடுதான் சில வருஷமாகச் சேலத்தில் இடம் தேடி அலைகிறேன். நான் போன இடங்களில் ஒன்றுகூட நாய்க்கென்று அமைத்தது கிடையாது. இருப்பதில் எது ஒத்துவருகிறது, எது வராது என்று சொல்கிறேன்.

பூங்காக்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் போன ஒன்றிரண்டில் கேட்டிலேயே தடுத்துவிட்டார்கள். குடியிருப்புகளில் உள்ள பூங்காவுக்கு நாய் வரக்கூடாது என்று ஒரேயடியாகத் தடை போடாமல், நேரம் ஒதுக்கித் தரலாம் என்கிறது விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் வருஷத்து வழிகாட்டுதல். அதை வைத்துக்கொண்டு வாட்ச்மேன் அண்ணனிடம் மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது? போர்டு வைத்தது அவர் இல்லையே. அதோடு, குழந்தைகள் விளையாடும் மணலில் நாய் அசிங்கம் செய்தால் அம்மாக்கள் கோபப்படுவது நியாயம்தான். நாயின் மலத்திலிருந்து குடற்புழு குழந்தைகளுக்குத் தொற்றும். பழைய செய்தித்தாளும் கவரும் எடுத்துக்கொண்டு போகாதவர்கள் எங்கேயும் நாயைக் கூட்டிப்போகக் கூடாது என்பது என் கட்சி.

எனக்கு அதிகம் கைகொடுத்தது கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை. 2010 வாக்கில் ஊர் மக்களே முன்வந்து சீர்செய்த ஏரி இது. வெட்டிய மண்ணை நடுவில் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள், இன்றைக்குப் பறவைகள் வந்து அடைகின்றன. அதனாலேயே இங்கே கயிறு கையை விட்டுப் போகக்கூடாது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்க்கும்போதெல்லாம், “கவுத்த மட்டும் உட்றாத கண்ணு, குட்டிங்க நிக்குது” என்பார். நானும் நின்று, ஆடுகள் தாண்டிப் போன பிறகுதான் நடப்பேன். தண்ணீரில் இறங்க விடுவதில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வரும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, வருஷா வருஷம் போட வேண்டும். ரேபீஸ் ஊசியைப் பற்றி நான் சொல்லத் தேவையே இல்லை.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலை இல்லை, அது வரைக்கும் உள்ள தெருக்கள்தான் பாடு. ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு தெருநாய்க் கூட்டம் உண்டு, அதற்கு ஒரு எல்லையும் உண்டு. வருஷக்கணக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டது இது: எதிரே அவை நிற்கும்போது நாம் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நம் நாயின் தலை தூக்கிக்கொள்ளும், முதுகு மயிர் சிலிர்க்கும். அதைச் சண்டைக்கு அழைப்பதாகத்தான் அவை எடுத்துக்கொள்ளும். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, நேரே போகாமல் எதிர்ச்சாரிக்கு வளைந்து, மெதுவாகக் கடந்தால் பெரும்பாலும் குரைப்போடு முடிந்துவிடும். ஓடவே கூடாது. காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும் நாய்கள் கருத்தடையும் ரேபீஸ் ஊசியும் ஆனவை. எங்கள் பக்கத்தில் அவை இருக்கும் தெருக்கள்தான் அமைதியானவை. தெருநாய்க்குக் கருத்தடை ஒழுங்காக நடந்தாலே வீட்டு நாய்க்கு நடக்க வழி கிடைக்கும்.

கோடையில் வற்றிப்போன சின்ன ஏரிகளுக்கும் போய்ப் பார்த்தேன். பரந்த வெளி, ஆள் நடமாட்டம் குறைவு, பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தரையெல்லாம் பாட்டில் சில்லும் சீமைக்கருவேல முள்ளும். முள் விரலிடுக்குச் சதையில் இறங்கி முனை உள்ளேயே ஒடிந்துவிடும். நொண்டிய காலை மடியில் போட்டு, டார்ச் வெளிச்சத்தில் இடுக்கியால் எடுத்திருக்கிறேன். இனி அங்கே போவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடும், பொழுது சாய்ந்தாலும் தார்ரோட்டில் சூடு இறங்காது. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் நாயை வெளியே எடுக்காதீர்கள்.

அப்புறம் ஏற்காடு. அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சேலத்து வெக்கை பின்னாலேயே நின்றுவிடும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பாதி வளைவில் வாந்தி. ஜன்னலை முழுக்க இறக்க வேண்டாம், வழியெங்கும் குரங்குகள். சனி, ஞாயிறில் ஏரியைச் சுற்றி நாயோடு நடக்க முடியாது, அவ்வளவு கூட்டம். வாரநாளில் விடிந்த கையோடு போனால் சில்வர் ஓக் நிழலில் எஸ்டேட் ரோடுகள் அருமையாக இருக்கும். ஆனால் காப்பிச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்கும். அதைப் பார்த்து நாய் குரைத்துவிட்டு நம்மிடமே ஓடி வரும், எருமை அதன் பின்னாலேயே வரும். அதனால் திருப்பம் கண்ணுக்குத் தெரியாத ரோட்டுக்குள் நான் போவதே இல்லை. மழைக்காலத்தில் அட்டை வேறு.

மலையிலிருந்து வந்ததும் உண்ணி பார்ப்பது கட்டாயம். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் என்று எல்லா இடமும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

மின்னி கயிறில்லாமல் ஓடுவது ஒரே இடத்தில்தான். அயோத்தியாப்பட்டணம் பக்கம் நண்பர் ஒருவரின் மாந்தோப்பு, நாலு பக்கமும் கம்பி வேலி. அங்கே அவள் ஓடும்போது உடம்பு வில்லாக வளைந்து நிமிரும், ஒவ்வொரு பாய்ச்சலிலும் நாலு காலும் இரண்டு முறை தரையை விட்டு எழும்பும். ரெண்டு மூணு சுற்றுக்குப் பிறகு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானாகவே காலடியில் வந்து படுத்துக்கொள்வாள். தோப்பு வைத்திருக்கும் நண்பர் எல்லோருக்கும் அமைவாரா? ஹைதராபாத்தில் மாநகராட்சியே 2018ல் கொண்டாப்பூரில் நாய்களுக்குத் தனிப் பூங்கா அமைத்தது. சேலத்தில் அவ்வளவு பெரிதாகக்கூட வேண்டாம். ஆறடி வேலி, ஒன்றைச் சாத்தியபின் மற்றதைத் திறக்கும்படி இரண்டு கேட், சின்ன நாய்களுக்குத் தனித் தடுப்பு, நாலு புங்க மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி. உள்ளே விடும்முன் தடுப்பூசி அட்டையைப் பார்க்க ஓர் ஆள். இப்படி ஒன்று வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ள சேலத்துக்காரர்கள் சொல்லுங்கள்.