வீடு காலி செய்கிறீர்களா? "மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம்" என்று வருபவர்களிடம் கவனம்

ஊரில் பெற்றோர் வீட்டைக் காலி செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். "பழைய வீட்டுச் சாமான்கள் மொத்தமாக எடுத்துக்கொள்ளப்படும், நல்ல விலை, உடனே பணம்" என்று இணையத்தில் விளம்பரம் போட்டு வீடு தேடி வந்த ஒருவரிடம் எங்கள் அம்மா சேர்த்து வைத்திருந்த பாத்திரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. எல்லாமே எங்கள் கண்ணெதிரே எடை போட்டு, சீட்டு எழுதித்தான் நடந்தது.

அப்பா காலமான பிறகு அம்மா தாம்பரத்தில் எங்களோடு இருக்கிறார். மயிலாடுதுறை வீட்டை வாங்க ஆள் கிடைத்து, பத்திரப் பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. எங்கள் ஃபிளாட்டில் எவ்வளவு வைக்க முடியும்? எது வேண்டும், எது வேண்டாம் என்று அம்மாவே உட்கார்ந்து பிரித்தார். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஜோடியையும் சில பூஜைச் சாமான்களையும் வைத்துக்கொண்டார். மீதியைக் கொடுத்துவிடலாம் என்றார். மீதி என்பது ஒரு பரண் நிறைய: அண்டா, தவலை, அடுக்குகள், செப்புக் குடங்கள், வெண்கலப் பானை, உருளி, ஈயச்சொம்பு. அது போக தேக்கு ஊஞ்சலும் ஒரு மர பீரோவும்.

போனில் அந்த விளம்பரக்காரர் என்ன சாமான் என்று கேட்கவில்லை. "வீடு என்னைக்குக்கா காலி பண்றீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. தேதியைச் சொன்னேன். பத்திரப் பதிவுக்கு முந்தின நாள்தான் வர முடியும் என்றார். அது ஏன் என்று இப்போது புரிகிறது. மறுநாள் சாவி கொடுக்க வேண்டியவர்கள் பேரம் படியவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்ப முடியாது. யார் கேட்டாலும் காலி செய்யும் தேதியை மட்டும் சொல்லாதீர்கள். உண்மையான தேதிக்கு இரண்டு வாரம் முன்பே விற்பனையை முடித்துவிடுங்கள்.

ஊஞ்சலுக்கும் பீரோவுக்கும் போனிலேயே நல்ல விலை சொல்லியிருந்தார். பாத்திரமெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு "பூச்சி அரிச்சிருக்கு" என்று அதைப் பாதியாக்கினார். மரத்தைக்கூட விடுங்கள். பெரிய அநியாயம் பாத்திரத்தில்தான் நடந்தது.

எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு, "எல்லாம் பித்தளைதாம்மா, உருக்கப் போற சாமான்தானே" என்று ஒரே விலை வைத்தார். கிலோ 300 ரூபாய். அதே வாரம் கடைத்தெருப் பாத்திரக் கடையில் பழைய பித்தளைக்கே 450 கொடுத்தார்கள். அம்மா உருளியைக் கரண்டியால் தட்டிக் காட்டி, "இது வெண்கலம்ப்பா, சத்தத்தைக் கேளு" என்றார். "இப்பல்லாம் ரெண்டுக்கும் ஒரே விலைம்மா" என்றார் அவர். சுத்தப் பொய். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. துத்தநாகத்தைவிட வெள்ளீயம் பல மடங்கு விலை என்பதால் வெண்கலம் பித்தளை விலைக்குப் போகவே கூடாது. தனிச் செம்பும் பித்தளையைவிட விலை கூடியதுதான். எங்கள் செப்புக் குடங்களும் அதே குவியலில்தான் போயின.

ஈயச்சொம்பு விஷயத்தில் அவர் பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது காரீயம்மா, விஷம். இதுலயா ரசம் வச்சீங்க? இதுக்குக் காசு கிடையாது, வேணும்னா நானே கொண்டுபோய்த் தூக்கிப் போட்டுடறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொம்பில் ரசம் வைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றியவர் அம்மா. முகம் அப்படியே வாடிப்போனது. மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். காரீயத்தைவிட அதன் விலை பத்து மடங்குக்கும் மேல். கடைகளில் காரீயம் கலந்த போலிச் சொம்புகள் வருவது உண்மை, அதனால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. ஆனால் காரீயம் கை தாங்காத கனம் கனக்கும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் கறுத்த கோடு விழும். சந்தேகம் இருந்தால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். எடைக்கு எடுக்க வந்தவர் வாய்ச்சொல்லை மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்தது தராசு. அவர் கொண்டுவந்தது மின்னணுத் தராசு. எண்கள் பளிச்சென்று தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எடையெல்லாம் முடிந்த பிறகு, பாட்டி பெயர் வெட்டிய ஒரு தவலையை மட்டும் கொடுக்க மனம் வராமல் அம்மா திரும்பக் கேட்டார். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைத்தார். அவர் எழுதிய சீட்டில் அந்தத் தவலை 6 கிலோ 100. ஒடுக்கு எடுப்பதற்காகப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனபோது அங்கே 7 கிலோ 900 காட்டியது. பக்கத்து மளிகைக் கடைத் தராசிலும் அதேதான். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைத்திருக்கிறார். ஒரு தவலையில் இவ்வளவென்றால் ஒரு வண்டிச் சாமானில் எவ்வளவு போயிருக்கும்!

வியாபாரத்துக்கு வைத்திருக்கும் மின்னணுத் தராசை ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தராசில் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள், சான்றிதழையும் கேளுங்கள். அதைவிடக் கைமேல் பலன் தரும் வழி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. காலி கேஸ் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். முதலில் அதைத் தூக்கி அவர் தராசில் வையுங்கள். சீல் பிரிக்காத சிலிண்டர் என்றால் அந்த எடையோடு 14.2 கிலோ கூட வர வேண்டும். எண் ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

கடைசியில் பணம். பாதியை ரொக்கமாகக் கொடுத்தார். மீதியைப் போனில் அனுப்பியதாகப் பச்சை டிக் போட்ட திரையைக் காட்டினார். "பேங்க் சர்வர் ஸ்லோக்கா, சாயங்காலத்துக்குள்ள ஏறிடும்" என்று வண்டியை எடுத்தார். அந்தப் பணம் வரவே இல்லை, எண்ணும் அணைந்துவிட்டது. அவர் போனில் தெரிவது எதற்கும் சாட்சியாகாது. உங்கள் வங்கிக் கணக்கில் இருப்புத் தொகை கூடியதைப் பார்த்த பிறகுதான் வண்டி நகர வேண்டும்.

இதே சமயம் பெங்களூரில் அண்ணி வாஷிங் மெஷினை விற்கப் பதிவு போட்டிருந்தார். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், நேரில் வராமலே முழு விலைக்கும் சம்மதித்து, "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்றாராம். அண்ணி அழைப்பைத் துண்டித்துவிட்டார். யுபிஐ-யில் பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும். யாராவது போட்டுவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். எடைச் சீட்டையும் இரண்டு கடைகளில் எடை போட்ட தவலையின் படங்களையும் இணைத்துத் தொழிலாளர் துறைக்கும் மனு போட்டிருக்கிறோம். அதே வாசகத்தோடு, வேறு எண்ணோடு, கும்பகோணம், திருவாரூர் பெயர்களையும் சேர்த்து அந்த விளம்பரம் இப்போதும் ஓடுகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால், சின்னத் தொகைதானே என்று விடாமல் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். சீட்டையும் வண்டி எண்ணையும் பத்திரமாக வையுங்கள். எங்களிடம் சீட்டு இருக்கிறது, வண்டி எண் இல்லை. அந்த எண்ணை யாராவது குறித்து வைத்திருந்தால் புகாரில் கட்டாயம் சேருங்கள்.