பனிதான் அதற்கு எண்ணெய்: ஸ்னோமொபைல் ட்ராக் சஸ்பென்ஷனோடு நான்கு பருவங்கள்

பனியில் ஓட்டும் வண்டியான ஸ்னோமொபைல் வாங்கிய முதல் பருவத்திலேயே, ஓட்டம் 1,100 கிலோமீட்டரைத் தொடுவதற்குள், சறுக்குப் பட்டைகள் இரண்டும் தீர்ந்துவிட்டன. அடுத்துப் போட்ட ஜோடி 4,800 கிலோமீட்டர் உழைத்தது. இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு. ஓட்டிய ஆளும் ஒருவன்தான், பாதைகளும் அதே பாதைகள்தான். மாறியது என் பழக்கம் மட்டுமே. இப்போது நான்கு பருவங்களும் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டரும் முடிந்திருக்கின்றன. எந்த வேலை பலன் தந்தது, எது வீண் உழைப்பு என்று தெளிவாகத் தெரிந்திருப்பதால் எழுதுகிறேன்.

புதிதாக வண்டி வாங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வண்டியின் அடியில் சுழன்று அதை உந்தும் ரப்பர் வளையம்தான் ட்ராக். அதன் உட்புறத்தில் நீளவாக்கில் இரண்டு அலுமினிய ரெயில்கள் இருக்கும். அவற்றின் அடிவிளிம்பில் கோத்திருக்கும் பிளாஸ்டிக் நாடாதான் சறுக்குப் பட்டை. ஹைஃபேக்ஸ் என்று கேட்டாலும் கடைகளில் புரிந்துகொள்வார்கள். ட்ராக்கில் வரிசையாகப் பதித்த உலோகக் கிளிப்புகள் இந்தப் பட்டையை உரசிக்கொண்டே ஓடுகின்றன. பட்டை ஒருவகைப் பாலிஎத்திலீன். நன்றாக வழுக்கும், தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் 130 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும். இந்த உரசலுக்கு எண்ணெயும் இல்லை, கிரீஸும் இல்லை. ட்ராக் அள்ளி வீசும் பனிதான் மசகு; சூட்டைத் தணிப்பதும் அதுவே. பழைய வண்டிகளில் சக்கர வரிசைகளே ட்ராக்கைத் தாங்கின. சறுக்கு ரெயில் வந்த பிறகு எடை குறைந்தது, ஓட்டம் மென்மையானது. அதற்கு ஈடாக வண்டி பனியையே நம்பி வாழ வேண்டியதாயிற்று.

இதை நான் கற்றது உறைந்த ஏரி ஒன்றின் மேல். காற்று பனியையெல்லாம் வாரிக்கொண்டு போய், கண்ணாடி போன்ற பனிக்கட்டி மட்டும் மிஞ்சியிருந்தது. பத்து நிமிடம் வேகமாகப் போனதும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. நிறுத்தி இஞ்சினைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை. மறுபடி கிளம்பியபோது ட்ராக் ஒரு நொடி பிடித்துக்கொண்டு, பிறகு ‘டக்’ என்று விடுபட்டது. உருகிய பட்டை, நின்ற இடத்திலேயே ஆறி, கிளிப்புகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வீடு வந்து வண்டியைச் சாய்த்துப் பார்த்தபோது பட்டையின் அடிப்பரப்பு இழுத்துவிட்ட மெழுகைப் போல வரிவரியாக இருந்தது; சில கிளிப்புகளில் கருப்பு மேலோடு படிந்திருந்தது. அன்று ஒரே நாளில் போன தேய்மானம், நல்ல பனியில் ஒரு பருவம் முழுக்க ஓடினாலும் வராது.

ஆகவே முதல் வேலையாகச் சுரண்டிகள் மாட்டினேன். ரெயிலிலிருந்து இருபுறமும் தொங்கி, கெட்டித்த பாதையைக் கீறிப் பனித்துகளை மேலே கிளப்பும் கம்பிகள் இவை. அந்தத் துகள் ட்ராக்குக்குள் புகுந்து பட்டையை நனைக்கிறது. திரவக் குளிரூட்டல் உள்ள வண்டிகளில் இஞ்சின் சூடும் கூடவே இறங்குகிறது. என் வண்டியில் இந்த வேறுபாட்டை வெப்பமானியில் கண்ணால் பார்த்தேன். முதலில் மாட்டியது விறைப்பான ஸ்பிரிங் கம்பி. அதைத் தூக்கிவைக்க மறந்து வண்டியைப் பின்னால் எடுத்ததில் ஒன்று முறிந்தது. அதன் பிறகு முறுக்குக் கேபிளால் ஆன சுரண்டிக்கு மாறினேன். அது வளைந்து கொடுக்கும், பின்னால் போனாலும் உடையாது. சறுக்குப் பட்டையைக் காப்பாற்ற ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் தொங்கவிட்டால்தான் பலன். பாதை பளபளக்கத் தொடங்கியதுமே இறங்கி இரண்டையும் கீழே விட்டுவிடுவது இப்போது என் கைப்பழக்கம். வெற்றுத் தார்ச்சாலையைக் கடக்க நேர்ந்தால் சுரண்டிக்குக் கீற எதுவும் இருக்காது. அங்கே மெதுவாகக் கடந்து, அடுத்த கரையில் தளர்ந்த பனி கிடக்கும் ஓரமாகச் சிறிது தூரம் ஓட்டிப் பட்டையைக் குளிரவிடுகிறேன்.

இரண்டாவது பருவத்தில் ரெயிலின் நடுப்பகுதியில் கூடுதலாக ஒரு ஜோடிச் சக்கரம் சேர்த்தேன். பட்டை நடுவில் மட்டும் குழிந்து தேய்ந்திருந்ததுதான் காரணம். அந்த இடத்தில் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் சக்கரமே இல்லை. ஆழப் பனியில் மட்டும் ஓட்டுபவர்கள் எடை குறைக்கச் சக்கரங்களைக் கழற்றுவதுண்டு, அவர்களுக்கு அது சரி. என்னைப் போல் கெட்டித்த பாதையில் நாள் முழுக்கப் போகிறவர்களுக்குக் கூடுதல் சக்கரம் அவசியம்.

சக்கரம் கூடினால் பேரிங்கும் கூடும். என் வண்டியில் இருப்பவை 6205 வகை, அதாவது உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளவையாகப் பார்த்து வாங்குகிறேன். இவற்றைக் கொல்வது சுமை அல்ல, தண்ணீர். உருகிய பனி மூடியைத் தாண்டி உள்ளே கசியும், இரவில் உறையும், பிறகு துரு. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம் முடிந்து இஞ்சினை அணைத்ததும், கையுறையைக் கழற்றி ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் தொட்டுப் பார்க்கிறேன். எல்லாம் சில்லென்றிருக்கையில் ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அது போகப்போகிறது. வாரம் ஒருமுறை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி ஒற்றை விரலால் சுற்றுவேன். நல்ல பேரிங் ஓசையின்றி வழுக்கிச் சுற்றும். கெட்டது உள்ளே மணல் அரைபடுவதுபோல் விரல் நுனியில் உணர்த்தும். மூன்றாம் பருவத்தில் வலப்பக்கக் கடைசிச் சக்கரம் இப்படித்தான் பிடிபட்டது. மூடியை நெம்பிப் பார்த்தால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் சேறு. இன்னும் ஓரிரு நாள் ஓடியிருந்தால் அச்சையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

புதிய பேரிங்கைச் சக்கரத்துக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தைத் தட்டினால் அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, ஓடுபாதையில் தழும்பு விழும். பொருத்திய அன்றே பாதி ஆயுள் போய்விடும். வெளிவளையத்தின் அளவுக்குச் சரியாக இருக்கும் ஒரு சாக்கெட்டை வைத்து, வைஸில் மெல்ல அழுத்தி இறக்குகிறேன்.

ட்ராக்கின் இறுக்கம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் வரும். இறுக்கமாக இருந்தால் வண்டி சரியாக இருக்கிறது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. முதல் பருவத்தில் பட்டை அத்தனை சீக்கிரம் போனதற்கு ஏரி பாதிக் காரணம் என்றால், மிச்சப் பாதி இந்த இறுக்கம். ட்ராக் இறுகினால் பட்டையிலும் பின்னச்சுப் பேரிங்குகளிலும் ஓயாத அழுத்தம் விழும், வேகமும் குறையும். அளவுக்கு மீறித் தளர்ந்தாலோ, ஓட்டும் பல்சக்கரத்தில் பல் தாண்டும். என் வண்டியின் கையேட்டின்படி, பின்னச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் 4.5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ட்ராக் 22 முதல் 28 மில்லிமீட்டர் வரை தொய்ய வேண்டும். இது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் கையேட்டின் எண்ணையே பின்பற்றுங்கள். புதிய ட்ராக் முதல் சில ஓட்டங்களில் நீளும் என்பதால் அப்போது அடிக்கடி அளக்க வேண்டும்.

இறுக்கத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் நேர்ப்பாட்டையும், அதாவது ட்ராக் நடுவாக ஓடுகிறதா என்பதையும், பார்க்கிறேன். பின்பக்கத்தை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, ட்ராக்கை மெதுவாகச் சில சுற்று ஓடவிட்டு, இஞ்சினை அணைத்து, அது தானாக நின்ற பிறகே பின்னால் போய்ப் பார்ப்பேன். ஓடும் ட்ராக்கின் பின்னால் யாரும் நிற்கவே கூடாது, கல்லோ பனிக்கட்டியோ தோட்டா போலப் பறக்கும். பட்டைக்கும் கிளிப்பின் செங்குத்து விளிம்புக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் உரசும் அளவுக்கு நெருங்கியிருக்கிறதோ பின்னச்சை நகர்த்தும் அந்தப் பக்கத் திருகைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி ஓடவிட்டுப் பார்க்கிறேன். பட்டையின் அடிப்பரப்பு நன்றாக இருந்து பக்கவாட்டு மட்டும் தேய்ந்திருந்தால், கோளாறு இங்கேதான்.

கிரீஸ் விஷயத்தில் நான் செய்த தவறு, கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து நாலு முறை அழுத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோனது. இரண்டாம் பருவ முடிவில், ரெயில்களை வண்டியோடு இணைக்கும் முன் கையின் அச்சை வெளியே உருவினேன். ஒரு முனை புதிதுபோல் மின்னியது. மறுமுனையில் நகம் மாட்டும் ஆழத்துக்குத் துருப்பள்ளம். கிரீஸ் ஒரு பக்கமாகவே வழிந்து, அடுத்த முனைக்கு எட்டவே இல்லை. இப்போது 800 கிலோமீட்டருக்கு ஒருமுறை, வண்டியைத் தூக்கி சஸ்பென்ஷனின் மேல் பாரமே இல்லாதபடி வைத்து, இரு முனைகளிலும் பழைய கிரீஸ் நீரோடு வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அழுத்துகிறேன். கடுங்குளிரில் இறுகாத, தண்ணீருக்குக் கரையாத கிரீஸாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா அச்சுகளையும் உருவித் துடைத்து, புஷ்களில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுகிறேன். ஒரு முழுநாள் வேலை. அந்தத் துருப்பள்ளத்தைப் பார்த்த பிறகு எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பகுதியின் எழுச்சியைக் கட்டுப்படுத்தும் நைலான் வார்களில் ஓரம் பிசிறினாலே மாற்றிவிடுகிறேன். பின்னிருக்கையில் ஆளோ சுமையோ ஏறும் நாளில் ஸ்பிரிங் அமைப்பை ஒரு படி கூட்டுகிறேன். சஸ்பென்ஷன் அடிவரை போய் இடித்துக்கொண்டே ஓடினால் எந்தப் பாகமும் தாங்காது. உயர் அழுத்தத் தண்ணீரைப் பேரிங் மூடிகளின் மேல் பாய்ச்சுவதில்லை. ஈரப் பனியில் ஓட்டி வந்த இரவு ட்ராக்கைச் சுற்றவிட்டு உதறிவிடுகிறேன். இல்லாவிட்டால் காலையில் சக்கரங்கள் உறைந்து நின்றபடியே இழுபட்டு, ரப்பர் ஒரே இடத்தில் தட்டையாகத் தேயும்.

பட்டை மாற்றுவது நினைத்ததைவிட எளிது. முன்முனை போல்ட்டைக் கழற்றி, ட்ராக்கின் திறப்புகளைப் பட்டைக்கு நேராகக் கொண்டுவந்து, பின்பக்கமாகத் தட்டி வெளியேற்ற வேண்டும். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். தேய்மானக் கோட்டை எட்டிய பிறகும் தள்ளிப்போட்டால் கிளிப்புகள் ரெயிலின் அலுமினியத்தையே அறுக்கத் தொடங்கும். ரெயிலை மாற்றுவது பெரிய வேலை.

இப்போது இருப்பது மூன்றாவது ஜோடி. 3,100 கிலோமீட்டர் ஆகிவிட்டது. போன வாரம் ஐந்து இடங்களில் வெர்னியர் வைத்து அளந்தேன். கோட்டுக்கு மேலே மிகக் குறைந்த இடத்திலும் 4 மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது, முன்வளைவில் மட்டும் மற்ற இடங்களைவிட அரை மில்லிமீட்டர் குறைவு. அங்கே அழுத்தம் குறைய, முன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு சுற்றுத் தளர்த்தியிருக்கிறேன். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அந்த வளைவை மறுபடி அளக்க வேண்டும்.