பெர்ஃபிட்: பொருந்தா விடைகளைக் காட்டும் தொகுப்பு

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கு இலவசமாகக் கிடைக்கும் பெர்ஃபிட் தொகுப்பு, உளவியல் சோதனையில் ஒருவரது விடைகளின் போக்கு எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிடுகிறது. எளிய வினாக்களில் தவறிவிட்டுக் கடினமானவற்றைச் சரியாக எழுதியவரைக் குட்மன் பிழைகளின் (எளியதில் தவறி, கடினமானதில் சரியான வினா இணைகளின்) எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவரது விடைகள் அவரது திறனுக்குப் பொருந்துகின்றனவா என்று காட்ட 1985இல் முன்வைக்கப்பட்ட எல்இசட் அளவு, உண்மைத் திறனுக்குப் பதிலாக மதிப்பிட்ட திறனை இட்டதும் இயல்நிலைப் பரவலிலிருந்து நழுவிவிடுவதால், புள்ளியியலாளர் ஸ்னைடர்ஸ் 2001இல் தந்த திருத்தத்தையும் சேர்த்திருப்பதே என் பார்வையில் இதன் பெரும் பலம். எந்த மதிப்பிலிருந்து விடைகளைச் சந்தேகிப்பது என்ற வெட்டுப்புள்ளியை உருவகப்படுத்திய தரவுகளைக் கொண்டு நிர்ணயிக்கலாம். அப்படிச் சந்தேகத்தில் சிக்கியவர் ஏமாற்றினாரா, சலித்துப்போனாரா என்பதை மட்டும் இது சொல்லாது. ஆளுமை வினாத்தாள் முழுவதும் ஒரே கட்டத்தையே டிக் செய்தவர் இதன் வலையிலிருந்து தப்பவும் கூடும். அவருக்கு, ஒரே விடை எத்தனை வினாக்களுக்குத் தொடர்கிறது என்று எண்ணும் கேர்லெஸ் தொகுப்பே பொருத்தம்.