அரிசி மில்லுக்கும் அடுப்படிக்கும் எந்த ஃபயர் சிலிண்டர்? பவுடரா, சிஓ2வா?

போன ஐப்பசி அடைமழையில், மன்னார்குடிப் பக்கம் இருக்கிற எங்கள் அரவை மில்லில் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து புகை வந்தது. மெயினை இறக்கிவிட்டு, சுவரில் பல வருடமாகத் தொங்கிய பழைய சிலிண்டரை எடுத்துக் குமிழை ஓங்கித் தட்டினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது, பவுடர் வரவில்லை. மெயின் இறங்கியதால் புகை தானாக அடங்கியது. மறுநாள் வந்த ரீஃபில்காரர் திறந்து காட்டினார். உள்ளே பவுடர், நனைந்து காய்ந்த சிமெண்ட் மூட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. வெளியே ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலோ அந்த வருடத் தேதி! முன்பு வந்தவர் மூடியைக்கூடத் திறக்காமல் ஸ்டிக்கரை மட்டும் மாற்றிக் காசு வாங்கிப் போயிருக்கிறார்.

அந்த ஆத்திரத்தில்தான் புதிதாக வாங்க இறங்கினேன். கடையில் முன்னால் வைத்தது இரண்டு. ஒன்று ஏபிசி பவுடர், இன்னொன்று சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு. மில்லுக்கும் வீட்டுக்கும் நான் வாங்கியது பவுடர். ஏன் என்று சொல்கிறேன்.

எது எந்த நெருப்புக்கு என்பது சிலிண்டர் மேலேயே அச்சடித்திருக்கும். சாக்கு, மரம், காகிதம் எரிந்தால் ஏ வகை நெருப்பு. டீசல், பெயின்ட் பி. கேஸ் சி. இந்த மூன்றுக்கும் பவுடர் ஆகும், கரண்ட் நெருப்பிலும் அடிக்கலாம். சிஓ2 கரண்டுக்கும் டீசலுக்கும் நல்லது. சாக்கு மூட்டையில் அடித்தால் சுடர் அணையும், உள்ளே கங்கு இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கும். எங்கள் மில்லில் கஜா புயலுக்கு அப்புறம், 2018 கடைசியில், ஜெனரேட்டர் வைத்தோம். ஆக டீசல் ஒரு மூலை, சாக்கு அடுக்கு ஒரு மூலை, மோட்டார் நடுவில். எல்லாவற்றுக்கும் ஒரே சிலிண்டர் என்றால் பவுடர்தான். போதாததற்கு மில்லில் இரண்டு பக்கமும் திறப்பு. அந்தக் காற்றில் சிஓ2 கலைந்து போய்விடும்.

இதெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்வார். என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு.

இப்போது வருகிற பவுடர் சிலிண்டரில் நைட்ரஜனும் பவுடரும் ஒன்றாக அழுத்தத்தில் இருக்கும். தலையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மீட்டர். முள் பச்சையில் நின்றால் அழுத்தம் இருக்கிறது, சிவப்புக்கு இறங்கினால் போய்விட்டது. இதைப் படிக்க யாருடைய ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். மில்லில் மூட்டை தூக்கும் பையன் காலையில் விளக்கு போடும்போதே எட்டிப் பார்த்து, "அண்ணே, முள்ளு பச்சையிலதான் நிக்குது" என்று சொல்லிவிடுகிறான்.

முள்ளும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அழுத்தம் சரியாக இருந்தும் பவுடர் அடியில் படிந்து இறுகியிருக்கலாம். நம் ஊர் ஈரத்துக்கு, அதுவும் ஐப்பசி கார்த்திகையில் தீப்பெட்டியே நமத்துப் போகிற இடத்தில், மூடி சரியாக இல்லாத சிலிண்டரை நம்பவே முடியாது. அதனால் மாதம் ஒரு தரம் கழற்றித் தலைகீழாகப் பிடித்து நாலு குலுக்கு. காதை வைத்துக் கேட்டால் மாவு சரிவது போல ஒரு சத்தம் வர வேண்டும். அப்புறம், ஒரே ஒரு நொடி அடித்துப் பார்த்தாலும் ரீஃபில் செய்தே ஆக வேண்டும். வால்வில் ஒட்டிய பவுடர் அதைச் சரியாக மூட விடாது, இரண்டு நாளில் அழுத்தம் கசிந்துவிடும். ரீஃபிலுக்கு ஆள் வந்தால் நான் இப்போது பக்கத்திலேயே நிற்கிறேன். பழைய பவுடரைத் தாளில் கொட்டச் சொல்லி, புதியதை என் கண் முன்னால் போடச் சொல்கிறேன்.

சிஓ2வில் இந்த மீட்டரே கிடையாது. உள்ளே அது திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் குறையாது, அதனால் மீட்டர் வைத்தாலும் பாதி காலியானது தெரியாது. எடை ஒன்றுதான் வழி. வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். நாலரைக் கிலோ சிஓ2 என்றால் அந்த எடையோடு நாலரை கூட்டிக்கொள்ள வேண்டும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 கிராம் குறைந்தால் ரீஃபிலுக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் யார் தராசு வைத்திருக்கிறார்கள்? இரும்பு உருளையோடு சேர்த்து அது பத்துக் கிலோவைத் தாண்டும். என் அம்மாவால் அதைத் தூக்கவே முடியாது.

பவுடரின் குறையையும் சொல்லியாக வேண்டும். அடித்தால் மில் முழுக்க மஞ்சள் தூள். அது ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்பையும் இரும்பையும் அரிக்கும். பேனலுக்குள் போனால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் துடைத்தாக வேண்டும். சிஓ2 ஒரு தடயமும் விடாது. கணினி இருக்கும் இடத்துக்கு அதுதான் சரி, சந்தேகமே இல்லை. ஆனால் சின்ன அறையில் அடித்துவிட்டு உள்ளேயே நிற்கக் கூடாது, மூச்சு முட்டும். முன்னால் இருக்கும் கறுப்புக் குழலை வெறுங்கையால் பிடித்தால் குளிரில் தோல் போய்விடும். நிஜ நெருப்பில் சிஓ2வை நான் அடித்ததில்லை. ஏப்ரல் 14-ல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் தகரத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தினார்களே, அதில் இரண்டையும் அடித்துப் பார்த்ததோடு சரி.

அன்று கற்றது இரண்டுக்கும் பொது. வெளியே போகும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். திறந்த வெளி என்றால் காற்றும் முதுகுப் பக்கம். பின்னை உருவி, சுடரை விட்டுவிட்டு நெருப்பின் அடியைக் குறி வைத்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். ஆறு கிலோ பவுடர் பத்துப் பதினைந்து நொடியில் தீர்ந்துவிடும். நான் முதல் ஐந்து நொடியைச் சுடரின் உச்சியில் வீணாக்கினேன். தீயணைப்பு வீரர், "தம்பி, கீழ அடிங்க" என்று கத்தினார்.

உமிக் குவியலுக்கு இரண்டுமே முழுத் தீர்வு கிடையாது. மேலே அணைந்தது போல இருக்கும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கரண்டை நிறுத்திவிட்டு, கிளறிக் கிளறித் தண்ணீர் ஊற்றுவதுதான் வழி. கூரையைத் தொட்ட நெருப்புக்கு எந்தச் சிலிண்டரும் ஆகாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் போன பள்ளித் தீ சமையல் கூடத்தில் தொடங்கிக் கீற்றுக் கூரைக்கு ஏறியது. கூரை பிடித்துவிட்டால் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101-க்கு அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு இரண்டு கிலோ பவுடர் வாங்கினேன். மாட்டியது அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை, அடுப்படி வாசலை ஒட்டிய சுவரில். அடுப்பே எரியும்போது அதைத் தாண்டிக் கை நீட்ட முடியாதல்லவா? வாணலி எண்ணெய் பிடித்தால் தண்ணீர் ஆகவே ஆகாது. பவுடரையும் கிட்ட நின்று அடித்தால் எண்ணெய் தெறிக்கும். அடுப்பை அணைத்து, பக்கவாட்டிலிருந்து தட்டு போட்டு மூடிவிட்டு, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். கேஸ் கசிந்து எரிந்தால் முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும். மூட முடியாதபோது சுடரை மட்டும் அணைத்தால் கேஸ் வீடு முழுக்க நிரம்பும், அது இன்னும் ஆபத்து. அந்த நிலையில் வெளியே ஓடிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மைத்துனர் கடைத்தெருவில் ஜெராக்ஸும் கணினி மையமும் வைத்திருக்கிறார். அவருக்கு சிஓ2 வாங்கச் சொன்னது நான்தான். தராசு அவரிடம் இல்லை, எங்களிடம் மூட்டை போடும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிலிண்டரை டிவிஎஸ் 50-ல் சாக்கு சுற்றிக் கட்டி எடுத்து வருகிறார். நெல் மூட்டைக்கு நடுவில் அதையும் ஏற்றி நிறுத்தி, எடையைத் தேதியோடு சுவரில் சாக்பீஸால் எழுதுகிறோம். இதுவரை மூன்று வரி எழுதியிருக்கிறோம், மூன்றும் ஒரே எண்.