ஆவியா, வெந்நீரா? துத்தநாக ஆக்சைடு நானோகம்பி வளர்க்க எது தோது?

2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஜோங் லின் வாங்கும் ஜின்ஹுய் சாங்கும் நானோகம்பியை (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கம்பியை) வளைத்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கம்பிகள் ஆவி முறையில், அதாவது துத்தநாக ஆவி படிந்து, வளர்ந்தவை: அலுமினா படிகத் தகடு, மேலே தங்கத் துகள்கள், சுமார் 900 டிகிரி சூட்டில் உலை. படிகத் தரம் அருமை. ஆனால் அந்தச் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது.

வெந்நீர் முறைக்கு 90 டிகிரி போதும். விதைப்படலம் (கம்பிகள் முளைக்க உதவும் மெல்லிய துத்தநாக ஆக்சைடு பூச்சு) பூசிய தகட்டை ஜிங்க் நைட்ரேட்டும் ஹெக்சமீன் என்ற வேதிப்பொருளும் கரைத்த நீரில் குப்புறக் கவிழ்த்து வைக்க வேண்டும். கரைசலில் தானாக உண்டாகும் வெள்ளைத் துகள்கள் அடியில் தங்கிவிடும், கம்பிகளின் மேல் விழாது. சில மணி நேரம் கழித்து எடுத்து, கழுவிக் காயவைத்தால் சரி. கம்பிகள் நேராக நிற்பது பெரிதும் விதைப்படலத்தின் கையில். படிகக் குறைபாடுகள் கூடுதல்தான், கட்டற்ற எலக்ட்ரான்கள் மிகுந்து, கம்பியை வளைக்கும்போது பிறக்கும் பீசோ மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். இருந்தாலும் பிளாஸ்டிக்கில் செய்யும் வளையும் கருவிக்கு என் ஓட்டு வெந்நீருக்கே.