கூடுவாஞ்சேரி பக்கம் வீடு பாக்குறவங்களுக்கு: சென்னை பீச் - செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயின் ரிவ்யூ

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் வீடு பாக்க வர்றவங்க சதுரடி என்ன ரேட்டு, போர் தண்ணி எப்படி, பேங்க் லோன் கிடைக்குமான்னு தான் கேக்குறாங்க. ட்ரெயின பத்தி யாரும் கேக்குறதே இல்ல. ஆனா இங்க குடி வந்துட்டா காலைல எத்தன மணிக்கு எந்திரிக்கணும்ங்கறத கூட அந்த லோக்கல் தான் முடிவு பண்ணும், அதனால வீட்ட பத்தி இல்லாம இந்த லைன பத்தி எழுதுறேன்.

முதல்ல நல்லது. டிக்கெட் விலைய அடிச்சிக்கவே முடியாது. மினிமம் 5 ரூபா, பீச்ல இருந்து தாம்பரத்துக்கு 10 ரூபா, ஒரு டீ காசுக்கும் கம்மி. சீசன் டிக்கெட் எடுத்துட்டா இன்னும் சல்லிசு. சென்னை - செங்கல்பட்டு மெயின் ரோடான ஜிஎஸ்டி ரோட்டுல வண்டலூர், பெருங்களத்தூர்னு ஊர்ந்து போறவங்களுக்கு தான் இதோட அருமை தெரியும், அதுலயும் 2023 டிசம்பர் கடைசில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்ததுக்கு அப்புறம் லீவு முன்னாடி நாள் சாயங்காலம்லாம் அந்த ரோட்டு பக்கம் போகவே வேணாம். ட்ரெயினுக்கு சிக்னல் தொல்ல கிடையாது, பரங்கிமலைல இறங்கினா மெட்ரோ, மாம்பலத்துல இறங்கினா டி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் மேலயே நடந்து போற பாலம், பார்க் ஸ்டேஷன்ல இறங்கி ரோட்ட தாண்டினா சென்ட்ரல். ஊருக்கு இவ்ளோ தள்ளி இருந்தும் சிட்டி கைக்கெட்டுற மாதிரி இருக்குன்னா அது இதனால தான்.

இப்ப சிக்கல். 1931ல கரண்ட் வண்டி விட்டப்ப பீச் - தாம்பரம் தான் லைன், அப்ப அது மீட்டர் கேஜ். இன்னிக்கும் தாம்பரத்தோட நின்னுடுற வண்டி நிறைய. அதுக்கு இந்த பக்கம் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரின்னு வரிசையா அபார்ட்மெண்ட் வந்துடுச்சு, பொத்தேரில காலேஜ் பசங்க கூட்டம் வேற, பரனூர்ல மஹிந்திரா சிட்டிக்கு வேலைக்கு போறவங்க வேற, ஆனா தாம்பரம் பக்கம் வர்ற அளவுக்கு இங்க வண்டி வர்றதில்ல. ஒன்ன விட்டா அடுத்ததுக்கு பிளாட்பாரத்துல நின்னுட்டே இருக்கணும், அப்ப தான் எல்லாரும் ஃபுட்போர்டுல தொங்குறாங்க. தயவு செஞ்சு தொங்காதீங்க. இந்த பகுதிக்கு புதுசா எதாவது செய்யணும்னா எனக்கு கேட்டா தாம்பரம் தாண்டி இன்னும் அதிகமா வண்டி விடுங்கன்னு தான் சொல்லுவேன், பார்க்கு, மால்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்து ஏசி லோக்கல். 2025 ஏப்ரல் 19ல இருந்து பீச் - செங்கல்பட்டு ஓடுது, 12 பெட்டி, கதவு தானா மூடிக்கும், யாரும் தொங்க முடியாது, அது ஒன்னே எனக்கு பெரிய நிம்மதி. ஆனா மினிமமே 35 ரூபா, முழு தூரம் 105 ரூபா. சாதா சீசன் இதுல செல்லாது, தெரியாம ஏறி ஃபைன் கட்டாதீங்க. தினம் போறவங்களுக்கு கட்டுப்படியாகாது, ஆனா மே மாசத்துல வயசானவங்கள எக்மோர் பக்கம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறீங்கன்னா டைம் பாத்து இதுல போங்க, குடுக்குற காசுக்கு தகும்.

சாதா வண்டில லேடீஸ் பெட்டிய பத்தி சொல்லியே ஆகணும். சாயங்காலம் வீட்டுக்கு திரும்புறப்ப ஒரு அக்கா மடில நியூஸ் பேப்பர விரிச்சு முருங்கக்கீரை உருவிட்டு வருவாங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கேக்காமலே ஒரு கொத்து எடுத்து உருவ ஆரம்பிச்சிடுவாங்க, தாம்பரம் வர்றதுக்குள்ள காம்பெல்லாம் தனியா கீரை தனியா ஆகிடும். வீட்டுக்கு போனதும் அடுப்புல வைக்க வேண்டியது தான். வேலைக்கு போற பொம்பளைங்களுக்கு இந்த பெட்டி குடுக்குற தைரியம் பெரிசு, புதுசா வேலைக்கு சேர்ற பொண்ணுங்கள நம்பி அனுப்பலாம்.

வீடு பாக்குறப்ப ஒன்னு மட்டும் பண்ணுங்க. விளம்பரத்துல ஸ்டேஷன்ல இருந்து 5 நிமிஷம்னு போட்டிருந்தா அத நம்பாம நீங்களே நடந்து பாருங்க, ராத்திரியும் ஒரு தடவ நடந்து பாருங்க. நடந்து போற தூரம் இல்லன்னா ட்ரெயின்ல மிச்சமாகுற காசு ஷேர் ஆட்டோவுக்கும் பைக் ஸ்டாண்டுக்கும் போயிடும். 2015 வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதனால ஏரிக்கு கீழ தாழ்வான இடமான்னு அக்கம்பக்கத்துல விசாரிக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கிண்டி, மாம்பலம், எக்மோர் பக்கம் வேலைன்னா தாராளமா இங்க வாங்க. சிறுசேரி, நாவலூர்னா இந்த லைன் உங்களுக்கு உதவாது, தினம் வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டுல தான் போயாகணும், அதுக்கு அந்த பக்கமே வீடு பாத்துக்கோங்க.