காலையில் எரிமலை, மாலையில் படகு: குடும்பத்துக்கு ஏற்றது சாண்டோரினியா, ஸ்ட்ராம்போலியா, ஓவாஹுவா?

பகலில் ஓர் எரிமலையில் ஏறி இறங்கி, அன்று மாலையே படகில் அமர்ந்து சூரிய அஸ்தமனத்தைக் காண வேண்டும் என்பது பல குடும்பங்களின் விடுமுறைக் கனவு. அதற்குத் தகுந்த இடங்களாக கிரேக்கத்தின் சாண்டோரினி, இத்தாலியின் ஸ்ட்ராம்போலி, ஹவாயின் ஓவாஹு ஆகிய மூன்று தீவுகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எரிமலையின் புகழையோ உயரத்தையோ அளவுகோலாகக் கொண்டால் இந்த ஒப்பீடு தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். சிறு குழந்தைகளும் மூத்தவர்களும் உடன் வரும் குடும்பத்துக்கு அந்த நாள் இனிமையாக முடிவதும் அழுகையில் முடிவதும், மலையிலிருந்து இறங்கிய பிறகு படகில் ஏறும் வரை எவ்வளவு நேரம் படுத்து எழ முடிகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவுகோலால் ஒரு பெரிய பெயர் தொடக்கத்திலேயே விலகிவிடுகிறது. ஹவாயின் பெரிய தீவிலுள்ள கிலாவேயா உலகின் துடிப்பு மிகுந்த எரிமலைகளுள் ஒன்று. அதன் பக்கத்திலேயே உள்ள கிலாவேயா இக்கி என்னும் பள்ளம் 1959-இல் எரிகுழம்பை ஏறத்தாழ 580 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. அப்போது உறைந்த குழம்பு ஏரியின் மேல், இன்றும் ஆங்காங்கே ஆவி கசியும் தரையில், நடந்து செல்ல ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. ஆனால் அந்திப் படகுகள் புறப்படும் கோனா, தீவின் எதிர்க்கரையில் இருக்கிறது. காரில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அங்கே போகிறவர்கள் மலைக்கு ஒரு நாள், கடலுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்வதுதான் முறை.

மூன்று தீவுகளுக்குள் ஏற்றம் மிக எளிதாக அமைவது ஓவாஹுவில். அங்கே ஏற வேண்டியது டயமண்ட் ஹெட் என்னும் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு. ஹவாய் மக்கள் அதை லேஅஹி என்பார்கள். பள்ளத்தின் தரையிலிருந்து உச்சி வரை ஒரு வழிக்கு 1.3 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் 171 மீட்டர். கடற்கரைக் காவலுக்காக அமெரிக்க ராணுவம் 1908-இல் அமைத்த பாதை இது. தொடக்கத்தில் சிமெண்ட் நடைபாதை, பிறகு கற்கள் துருத்திய வளைவுகள், அதன்பின் மூச்சு வாங்கவைக்கும் செங்குத்துப் படிகள், நடுவே 225 அடி நீளமுள்ள சுரங்கவழி என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காட்சி மாறிக்கொண்டே இருப்பதால், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அடுத்த இலக்கைக் காட்டிக் காட்டியே மேலே கொண்டுபோய்விடலாம். சுரங்கவழி குறுகலானது, எதிரே ஒரு கூட்டம் வந்தால் தோளைச் சுவரோடு ஒட்டித் திருப்பி நிற்க வேண்டும், குழந்தையின் கையை விடக் கூடாது. வாயில் காலை ஆறு மணிக்குத் திறப்பதால், முதல் நேரத்துக்கு முன்பதிவு செய்துகொண்டவர்கள் ஒன்பது மணிக்குள் இறங்கி வந்துவிடலாம். ஹவாயில் வசிக்காதவர்கள் 2022 முதல் இணையத்தில் முன்பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

சாண்டோரினியின் நிலை வேறு. கி.மு. 1600-ஐ ஒட்டி நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் தீவின் நடுப்பகுதி உள்ளே சரிந்து கடல் புகுந்தது. அந்த நீர்ப்பரப்பின் நடுவே பிற்காலத்தில் எழுந்ததுதான் நியா கமேனி என்னும் கரிய தீவு. அது கடைசியாகக் குமுறியது 1950-இல். உச்சி 130 மீட்டருக்கு மேல் இல்லை, ஏறுவதற்கு அரை மணி நேரம் போதும். கேட்பதற்கு டயமண்ட் ஹெட்டை விட எளிதாகத் தோன்றும் இந்த ஏற்றம், கோடையில் அதைவிடக் கடினமானது. மரம் இல்லை, நிழல் இல்லை, குடிநீர் விற்கும் கடை இல்லை. கரும்பாறை வெயிலைக் குடித்துவிட்டு அந்தச் சூட்டைக் கீழிருந்து திருப்பித் தருகிறது. பாதை முழுவதும் உதிரிச் சரளை. செருப்பு அணிந்து வந்த பிள்ளை இருபது அடிக்கு ஒரு முறை உட்கார்ந்து விரலிடுக்கில் சிக்கிய கற்களைத் தட்டிக்கொண்டிருக்கும், பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். மூடிய காலணி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது. இவற்றையெல்லாம் விட முக்கியமானது, அங்கே போய்ச்சேரும் நேரத்தை முடிவு செய்வது நாம் அல்ல, படகுக்காரர் என்பது. காலைப் படகாயின் உச்சி வெயில், பிற்பகல் படகாயின் ஏறி இறங்கிய வியர்வையோடு அப்படியே அஸ்தமனம் வரை கடலில் இருக்க வேண்டும். நடுவே ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஸ்ட்ராம்போலி மூன்றிலும் உயரமானது, 924 மீட்டர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ இடைவிடாமல் சிறு சிறு வெடிப்புகளை நிகழ்த்திவரும் மலை. மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று அதற்கு ஒரு பெயருண்டு. ஆனால் உச்சிக்குப் போகும் எண்ணத்தோடு யாரும் அங்கே போக வேண்டாம். 2019 ஜூலை 3-ஆம் தேதி நிகழ்ந்த பெரிய வெடிப்பில் மலைநடைக்கு வந்த ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து உச்சி மூடப்பட்டது. அதன் பிறகு வந்த ஏற்பாட்டின்படி வழிகாட்டி இல்லாமல் 290 மீட்டர் வரையும், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு 400 மீட்டர் வரையும் ஏறலாம். எரிமலையின் நிலையைப் பொறுத்து இந்த வரம்புகளும் குறைக்கப்படும். குடும்பங்களுக்கு இந்தத் தடை ஒரு வகையில் நல்லதே. 400 மீட்டர் உயரத்திலிருந்தே வெடிப்புகளைப் பார்க்க முடிகிறபோது, பத்து வயதுப் பிள்ளையை 900 மீட்டர் ஏற்றவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இங்கே ஒரு சிக்கலை விளக்கியாக வேண்டும், ஏனெனில் திட்டம் போடும்போது பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஸ்ட்ராம்போலியின் வெடிப்பு பகல் வெளிச்சத்தில் வெறும் சாம்பல் புகையாகவே தெரியும். செந்நிறத் தீப்பொறிகள் கண்ணில் படுவதற்கு இருட்ட வேண்டும். ஆகவே மலை நடைக்கும் அந்திதான் சிறந்த நேரம், படகுக்கும் அந்திதான் சிறந்த நேரம். இரண்டில் ஒன்றுக்குத்தான் அதைக் கொடுக்க முடியும். நான் அதைப் படகுக்கே கொடுப்பேன். ஷியாரா டெல் ஃபுவோகோ என்னும் கரிய சரிவு தீவின் வடமேற்கில் கடல் வரை நேராக இறங்குகிறது. இருட்டத் தொடங்கியதும் படகுகள் அதன் எதிரே பாதுகாப்பான தொலைவில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கும். முதலில் உச்சியில் ஒரு செங்கீற்று எழும். ஒலி சற்றுப் பிந்தி வந்து சேரும். பிறகு தீக்கற்கள் சரிவில் உருண்டு, துள்ளி, கருத்துப்போகும். கால் மணி நேரத்துக்கு ஒன்றாகவும் வரலாம், சில நிமிடங்களில் அடுத்தடுத்தும் வரலாம். முதியவர்கள் ஓரடி கூட ஏறாமல், குழந்தைகள் மடியில் இருந்தபடி, ஓர் எரிமலை உயிரோடு இயங்குவதைப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. காலையில் கடற்கரைப் பக்கத்திலிருந்து 290 மீட்டர் வரை ஏறிவிட்டு, நண்பகலில் வீட்டுக்குள் உறங்கி, இரவில் படகுக்குப் போவது என்று வகுத்துக்கொண்டால் நாள் நன்றாக அமையும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இரவு தங்குவது ஸ்ட்ராம்போலியிலேயே இருக்க வேண்டும். கோடையில் அங்கே சூரியன் மறைய ஏறத்தாழ எட்டரை மணியாகும்; நன்றாக இருட்டுவதற்கு ஒன்பதைத் தாண்டும். அருகிலுள்ள லிப்பாரித் தீவிலிருந்தோ சிசிலியின் மிலாட்சோவிலிருந்தோ ஒரே நாளில் வந்து திரும்பும் படகில் ஏறியவர்கள், அதற்குப் பிறகு இருட்டில் நீண்ட தூரம் திரும்பிப் போக வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் குழந்தைக்கு அந்தத் திரும்பும் பயணம் பெரும் துன்பம். மேலும், இன்ஜின் நின்றதும் அலையில் படகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஓடும்போது நன்றாக இருந்தவர்களுக்கும் அப்போதுதான் குமட்டும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

பாய்மரப் படகில் போவதுதான் உங்கள் ஆசை என்றால் ஸ்ட்ராம்போலி பின்தங்கிவிடும், ஏனெனில் சரிவைக் காட்டும் படகுகள் பெரும்பாலும் மோட்டார் படகுகள். சாண்டோரினியில் கேட்டமரான் எனப்படும் அகன்ற பாய்மரப் படகுகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றின் அந்திப் பயணம் சுமார் ஐந்து மணி நேரம் நீளும், காற்று இசைந்தால்தான் பாய் ஏறும், பெரும்பாலானவை நியா கமேனியில் நடப்பதற்கு இறக்கிவிடுவதும் இல்லை. வெந்நீர் ஊற்றுப் பக்கம் நிறுத்துவார்கள். அங்கும் படகிலிருந்து குளிர்ந்த ஆழ்கடலில் குதித்து, இரும்புச்சத்தால் செம்பழுப்பாகிய இளஞ்சூட்டு நீர் வரை நீந்திப் போக வேண்டும். நீச்சல் உடையில் அந்தக் கறை நிலைத்துவிடும், வெள்ளை உடை வேண்டாம். நீந்தத் தெரியாத குழந்தைக்கு அது வேடிக்கை பார்க்கும் நேரம் மட்டுமே. நடையும் அஸ்தமனமும் சேர்ந்து வேண்டுமானால் பழைய பாணி மரப்படகுகளைத்தான் தேட வேண்டும்.

ஓவாஹுவின் வைக்கிக்கியில் இந்தத் தொல்லைகள் இல்லை. கேட்டமரான்கள் மணற்கரைக்கே வந்து ஏற்றிக்கொள்கின்றன, பயணம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், சூரியன் கோடையில் ஏழே காலையொட்டியும் குளிர்காலத்தில் ஆறையொட்டியும் மறைந்துவிடுவதால் பிள்ளைகள் வழக்கமான நேரத்துக்கே உறங்கலாம். முழங்கால் அளவு நீரில் இறங்கி ஏணியில் ஏற வேண்டியிருக்கும் என்பதால், மூட்டு வலி உள்ளவர்கள் மட்டும் துறையிலிருந்து கிளம்பும் படகைக் கேட்டுப் பார்க்க வேண்டும். லேஅஹியின் தென்மேற்கு விளிம்பு மற்றப் பக்கங்களை விட உயரமாக இருப்பதற்குக் காரணம், அது வெடித்தபோது காற்று சாம்பலை அந்தத் திசையில் வாரிக் குவித்ததுதான். வடகிழக்கிலிருந்து வீசும் அதே வகைக் காற்றுதான் இன்று மாலை நீங்கள் ஏறும் படகின் பாயை நிரப்புகிறது. மலை மறைவில் இருப்பதால் கடலும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். காலையில் ஏறிய மலை அந்தி வெயிலில் பொன்னிறமாக நிற்பதைப் படகிலிருந்தே பிள்ளைகள் காட்டுவார்கள். குறை என்று சொன்னால் ஒன்றுதான்: அது அணைந்த எரிமலை. புகையையும் நெருப்பையும் எதிர்பார்த்து வரும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆகவே, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களும் மூத்தவர்களும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு ஓவாஹுவையும், பிள்ளைகள் பத்து வயதைக் கடந்த குடும்பத்துக்கு இரண்டு இரவுகள் தங்கும் ஏற்பாட்டோடு ஸ்ட்ராம்போலியையும் பரிந்துரைப்பேன். சாண்டோரினிக்கு என் யோசனை வேறு: நியா கமேனியை விட்டுவிடுங்கள். ஃபிரா என்னும் ஊரிலிருந்து இமெரோவிகிலி என்னும் ஊர் வரை மலைவிளிம்பில் செல்லும் பாதையில் விடியற்காலையில் நடங்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளும் அந்த விளிம்பும் எரிமலையின் உடல்தான். ஒரு பக்கம் முந்நூறு மீட்டர் பாறைச்சுவர் கடலுக்குள் இறங்குவதும், நடுவே கரிய தீவு கிடப்பதும், நியா கமேனியின் உச்சியில் நிற்பவர்களுக்குக் கிடைக்காத முழுக் காட்சி. பத்து மணிக்கு அறைக்குத் திரும்பி, பிற்பகலில் கேட்டமரானில் ஏறலாம்.

இந்த மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்னும் வடகாற்று பலமாக வீசும். அளவு மீறினால் துறைமுக அதிகாரிகள் படகுகளைத் தடுத்துவிடுவார்கள். நியா கமேனியை நம்பியிருந்தால் அன்று மலையும் போயிற்று, படகும் போயிற்று. விளிம்பு நடையாயின் படகு மட்டும் வேறு நாளுக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிவைக்க நாள் மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகவே, மூன்று தீவுகளில் எங்கே சென்றாலும் படகை விடுமுறையின் முற்பாதியில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போதே குழந்தையின் எடையைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.